டூகோ பெயிண்டில் ஓர் அலை

கார் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பாக எது கண்ணில் பட்டாலும் நேராகப் பார்க்க மாட்டோம். பக்கவாட்டில் போய், கொஞ்சம் குனிந்து, வெளிச்சம் அதன் மேல் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். தூசி உட்கார்ந்திருக்கிறதா, ஆரஞ்சுத்தோல் மாதிரிச் சொரசொரப்பு (ஆரஞ்ச் பீல்) விழுந்திருக்கிறதா, எங்காவது பெயிண்ட் வழிந்திருக்கிறதா. கல்யாண மண்டபத்து ஸ்டீல் பீரோவைக்கூட நான் அப்படித்தான் பார்ப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

மொரோக்கோவின் தலைநகர் ரபாத்தில் இருக்கும் ஆறாம் முகம்மது நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்திலும் அதே வேலையைச் செய்தேன். மொரோக்கோ ஓவியர் முகம்மது மெலேஹியின் படம் ஒன்று. மேலிருந்து கீழே நெளிந்து இறங்கும் அலைகள். ஒவ்வொரு அலையும் ஒரு நிறம். நீலம், ஆரஞ்சு, பச்சை, ஊதா. ஒரு நிறம் இன்னொன்றோடு எங்கேயும் கலக்கவில்லை, விளிம்புகள் எல்லாம் கத்தி வைத்து நறுக்கிய மாதிரி. தூரிகை போன தடமே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த சீட்டைப் படித்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சுக்கே புரிந்துவிட்டது: பலகையின் மேல் செல்லுலோஸ் பெயிண்ட்.

செல்லுலோஸ் பெயிண்ட் என்றால் வேறொன்றும் இல்லை. நம்மூர் டிங்கரிங் பட்டறைகளில் 'டூகோ' என்று சொல்வார்களே, அந்த வகைதான். அம்பாசடர் காருக்கு அடித்த பெயிண்ட். தின்னர் ஆவியாகப் போனாலே காய்ந்துவிடும், அடுப்பில் வைத்துச் சுட வேண்டாம். மேலே இன்னொரு கோட் அடித்தால் கீழே இருப்பது லேசாகக் கரைந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு இழைத்தால் மினுங்கும். இன்றைய தொழிற்சாலைகளில் அது கிடையாது. நாங்கள் அடிப்பதெல்லாம் 140 டிகிரி அளவில் அடுப்பில் சுட்டெடுக்கிற ரகம். அந்தப் பழைய பெயிண்டை ஒரு தேசிய அருங்காட்சியகத்தின் சுவரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

காவலர் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றார். "கார்... கார் பெயிண்ட்" என்று சொல்லி, ஸ்ப்ரே கன் பிடிப்பதுபோல் கையைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

நான் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது டாஞ்சியரில் வேலை. மொரோக்கோவில் கார் செய்கிறார்களா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். செய்கிறார்கள். டாஞ்சியர் பக்கத்துப் பெரிய ஆலை 2012இல் திறந்தது, கெனித்ராவில் 2019இல் இன்னொன்று. ரபாத்துக்கு வருவதும் சுலபம். 'அல் போராக்' அதிவேக ரயில் 2018இலிருந்து ஓடுகிறது, ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனில் இறங்கியதும் நீல நிற டாக்ஸி. ரபாத்தில் நீலம், காசாபிளாங்காவில் சிவப்பு, ஊருக்கு ஊர் டாக்ஸிக்கு ஒரு நிறம். என்னைப் போன்றவனுக்கு இந்த நாடு ரொம்பப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அருங்காட்சியகம் 2014இல் திறந்தது. 1956இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை வாங்கிய நாடு, நவீன ஓவியத்துக்கென்று இப்படி ஒரு பெரிய கட்டடம் எழுப்ப அத்தனை காலம் ஆகியிருக்கிறது. முதல் கண்காட்சியில் 1914 முதல் 2014 வரை நூறு வருடக் கலையை வைத்தார்கள். அந்த வரிசையின் தொடக்கத்தில் வருகிற ஒருவர் பென் அலி ர்பாத்தி. 1861இல் ரபாத்தில் பிறந்தவர். டாஞ்சியரில் ஜான் லேவரி என்ற பிரிட்டிஷ் ஓவியரின் வீட்டில் சமையல்காரராக இருந்தார். வரைகிறார் என்று தெரிந்ததும் லேவரி ஊக்கம் கொடுத்தார். பிறகு மராகேஷில் முகம்மது பென் அல்லால். அவரும் சமையல்காரர், பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் வீட்டில். இருவர் படங்களிலும் சந்தை, ஊர்வலம், கல்யாணம், வாசல் என்று ஊர்க் காட்சிகள் நிறைந்திருக்கும். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு இவை பிடித்திருந்தாலும் அதிக நேரம் நிற்கவில்லை.

அடுத்த தலைமுறைக்கு இந்த வகைப் படங்கள் மேல் கோபமே இருந்திருக்கிறது. கோபம் சமையல்காரர்கள் மேல் இல்லை. அவர்களைத் தட்டிக்கொடுத்த பிரெஞ்சுக்காரர்கள் மேல். பள்ளிக்கூடம் போகாத, வெகுளியான, 'இயற்கையான' ஓவியன்தான் உண்மையான மொரோக்கோக்காரன் என்று ஆள வந்தவர்கள் சொன்னால், படித்த ஓவியனுக்குச் சுருக்கென்று இருக்காதா? நீங்கள் இப்படியே இருங்கள், சிந்திக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதானே அதன் பொருள்.

அந்தக் கோபத்தின் மையம் காசாபிளாங்கா நுண்கலைப் பள்ளி. 1962இல் ஃபரீத் பெல்காஹியா அதற்கு இயக்குநரானார். முப்பது வயதுகூட ஆகவில்லை. பாரிஸில் ஓவியமும் பிராக் நகரத்தில் மேடை வடிவமைப்பும் படித்துவிட்டு வந்தவர். கொஞ்ச நாளில் மெலேஹியும் முகம்மது ஷபாவும் ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். மெலேஹி அசிலா என்ற கடற்கரை ஊர்க்காரர். தெத்துவான், செவில், ரோம், நியூயார்க் என்று சுற்றிவிட்டு வந்தவர். கூடவே இத்தாலியிலிருந்து வந்த டோனி மராய்னி கலை வரலாறு நடத்தினார். டச்சுக்காரர் பெர்ட் ஃபிளிண்ட் மலைக்கிராமத்துக் கம்பளங்களையும் வெள்ளி நகைகளையும் வகுப்புக்குக் கொண்டுவந்தார். அதுவரை மாணவர்களுக்குப் பாடம் என்பது ஐரோப்பிய பாணிச் சிலையைப் பார்த்து வரைவதும், கித்தானில் (கேன்வாஸில்) எண்ணெய் வண்ணம் பூசுவதும்தான். இவர்கள் வந்ததும் கம்பளத்தின் கட்டத்தையும், அரபு எழுத்தின் வளைவையும், சூஸ் பகுதிப் பள்ளிவாசல்களின் வர்ணம் பூசிய மரக்கூரைகளையும் பாடமாக்கினார்கள். மெலேஹி அந்தக் கூரைகளைத் தேடிப் போய்ப் புகைப்படம் எடுத்து வந்தார்.

கலை வரலாற்றில் இதை அடையாளத் தேடல், மரபும் நவீனமும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் என் தொழில் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. இவர்கள் முதலில் தூக்கிப் போட்டது எண்ணெய் வண்ணக் குழாயை. என்ன வரைவது என்கிற சண்டைக்கு முன்னால், எதன் மேல் எதைக் கொண்டு வரைவது என்ற சண்டையை ஆரம்பித்திருக்கிறார்கள்.

பெல்காஹியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளில் கித்தானை விட்டுவிட்டுச் செப்புத் தகட்டுக்குப் போனார். தகட்டைத் தட்டி, மடித்து, கசக்கி, மரத்தின் மேல் பொருத்தினார். கன்னான் தெருவின் வேலை அது. எழுபதுகளின் நடுவில் செம்பையும் விட்டு ஆட்டுத்தோலுக்கு வந்தார். தோலை ஊறவைத்துச் சுத்தம் செய்து, ஈரம் இருக்கும்போதே மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் பொருத்த வேண்டும். காயும்போது அது தானாகச் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சட்டமும் சதுரமாக இருக்காது. ஒரு கை, ஓர் அம்பு, ஒரு வட்டம், பெயர் இல்லாத ஏதோ ஒரு வளைவு. அதன் மேல் மருதாணி, குங்குமப்பூ, மாதுளம் பட்டை, கோபால்ட் நீலம். கோடுகளுக்கு நடுவில் அமாசிக் (பெர்பெர்) மக்களின் திஃபினாக் எழுத்துகளும் புள்ளிகளும் வரும்.

இதன் முன்னால்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். பெயிண்ட் என்பது ஒரு படலம். இரும்பின் மேல் உட்கார்ந்திருக்கும், நாளாக ஆக உரியும். அது உரியாமல் இருக்கத்தான் நாங்கள் ப்ரைமர், பாஸ்பேட் குளியல் என்று இத்தனை பாடுபடுகிறோம். மருதாணி படலமே இல்லை. தோலுக்குள் இறங்கி அதனுடைய நிறமாகவே ஆகிவிடுகிறது. உரிவதற்கு அங்கே எதுவும் கிடையாது. அந்தப் பழுப்புச் சிவப்பைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தாலும் வெளிச்சம் திரும்பி வரவில்லை, அப்படியே உள்ளே போய்விடுகிறது. தோல் மட்டும் ஈரப்பதத்துக்கு ஏற்ப இழுத்துக்கொள்ளும், தளரும். அட்லாண்டிக் கடலை ஒட்டிய ஊரில் இவற்றைப் பாதுகாப்பவர்கள் படும் பாட்டை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அதே சண்டைக்கு மெலேஹி எடுத்த ஆயுதம்தான் டூகோ. ஒருவர் பாட்டி காலத்துச் சாயத்துக்குப் போகிறார், இன்னொருவர் தெருமுனை மெக்கானிக்கின் டப்பாவுக்குப் போகிறார். இரண்டுமே சாமானியர்களின் கையில் இருக்கிற பொருள். இரண்டுமே பாரிஸ் கடையில் வாங்க வேண்டாதவை. மெலேஹி வழி எனக்கு நெருக்கம், அதை மறைக்கவில்லை. பெல்காஹியாவிடம் சில இடங்களில் பழமையின் மேல் கொஞ்சம் கூடுதலான பக்தி தெரிகிறது. மெலேஹியின் அலையில் அது இல்லை. கடல் அலை என்று பார்த்தால் கடல், ஒலி அலை என்று பார்த்தால் ஒலி, சில படங்களில் அதுவே தீ நாக்கு.

இவர்கள் தங்கள் படங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த கதையையும் சொல்ல வேண்டும். 1969 மே மாதம், மராகேஷ், ஜெமா எல்-ஃப்னா திடல். பாம்பாட்டிகள், கதைசொல்லிகள், பல் பிடுங்குகிறவர்கள், ஆரஞ்சுச்சாறு வண்டிகள் எல்லாம் கூடும் இடம். அதே ஊரில் அரசு ஏற்பாட்டில் வசந்தகால ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதற்கு எதிர்ப்பாக ஆறு பேர், பெல்காஹியா, மெலேஹி, ஷபா, முகம்மது ஹமீதி, முஸ்தஃபா ஹஃபீத், முகம்மது அதல்லா, தங்கள் படங்களைத் திடலின் சுவரில் வெட்டவெளியில் மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்கள். டிக்கெட் கிடையாது. வெயில், புழுதி, கழுதை வண்டி, கேள்வி கேட்கிற ஜனம். பிறகு காசாபிளாங்காவின் ஒரு சதுக்கத்திலும் இப்படியே மாட்டினார்கள்.

மராகேஷ் வெயிலில் எண்ணெய் ஓவியத்தை மாட்டி வைக்க யாருக்கும் மனசு வராது. காரோ நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கிறது. இந்த ஆறு பேரும் தொழில்நுட்பக் கணக்குப் போட்டுத்தான் தெருவுக்கு வந்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் நிற்க வேண்டிய படம் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தச் சுவரின் முன்னால் எல்லோருக்கும் எழுந்திருக்கும்.

இதே ஆட்கள் 'சூஃப்ல்' என்ற பத்திரிகையோடும் சேர்ந்திருந்தார்கள். கவிஞர் அப்தெல்லத்தீஃப் லாபி 1966இல் தொடங்கியது. அட்டை வடிவமைப்பு மெலேஹி. இரண்டாம் ஹசன் மன்னரின் ஆட்சியில் 1972இல் அதை மூடினார்கள். லாபி சிறைக்குப் போனார், 1980 வரை வெளியே வரவில்லை. ஷபாவும் கொஞ்ச காலம் உள்ளே இருந்தார். இன்று மன்னர் பெயர் வைத்த கட்டடத்தில் ஷபாவின் படங்கள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதா சிரிப்பதா என்று என்னோடு வந்த மொரோக்கோ சக ஊழியரிடம் கேட்டேன். காபி குடிக்கலாம் என்றார்.

காபிக்கு அப்புறம் இன்னும் இருவர். ஜிலாலி கர்பாவி, அஹ்மத் ஷெர்காவி. மொரோக்கோவில் அரூப ஓவியத்தைத் தொடங்கியவர்கள் என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறார்கள். படத்தில் இருவருக்கும் ஒட்டே கிடையாது. கர்பாவியின் கோடுகள் பதற்றமாக இருக்கும். மனநோயோடு போராடியவர், கொஞ்ச காலம் மத்திய அட்லஸ் மலையில் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தில் தங்கி வரைந்தவர், 1971இல் பாரிஸில் ஒரு பூங்கா பெஞ்சில் இறந்து கிடந்தார். ஷெர்காவி அமைதியானவர். கனமான கறுப்புக் கோடு, நடுவில் கனன்றுகொண்டிருக்கும் சிவப்பும் நீலமும். அந்தக் கோடுகள் அவருடைய தாயின் முகத்திலிருந்த பச்சைக்குத்தலில் இருந்து வந்தவை என்கிறார்கள். கித்தானுக்குப் பதில் பல படங்களுக்குச் சணல் துணி. அதன் நெசவு வண்ணத்தைத் தாண்டித் தெரிகிறது. முப்பத்திரண்டு வயதில், 1967இல் போய்விட்டார்.

ஷெர்காவிக்கு நான் நன்றி சொல்ல இன்னொரு காரணம் ஷைபியா தலால்.

1929இல் எல் ஜதீதா பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் ஷைபியா. பதின்மூன்று வயதில் கல்யாணம், பதினைந்து வயதில் கையில் குழந்தையோடு விதவை. காசாபிளாங்காவில் வீட்டு வேலை செய்து மகனை வளர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் கனவு வந்தது. யாரோ வந்து காகிதமும் பென்சிலும் கொடுத்து வரையச் சொன்னார்களாம். மறுநாள் போய் நீல பெயிண்ட் வாங்கி வந்தார், கதவு நிலைக்கு அடிப்பார்களே அந்த நீலம். வரைய ஆரம்பித்துவிட்டார். மகன் ஹுசைன் தலாலும் ஓவியரானார். 1965இல் மகனின் படங்களைப் பார்க்க ஷெர்காவியும், பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பியர் கோதிபெர்ட்டும் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாடு போட்ட அம்மா, என்னுடையதையும் பாருங்கள் என்று எடுத்து வந்து விரித்தார். அடுத்த வருடமே காசாபிளாங்காவிலும் பாரிஸிலும் கண்காட்சி.

அவருடைய முகங்கள் உங்களை நேராகப் பார்க்கும். பெரிய கண், தடித்த கோடு, நிறத்தில் கஞ்சத்தனமே கிடையாது. சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், அதன் பக்கத்தில் இளஞ்சிவப்பு. எங்கள் கலர் லேபில் இப்படி ஒரு சேர்க்கையைக் கொண்டுபோனால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே என்னவோ உயிரோடு இருந்தது.

ஊரில் படித்த ஓவியர்கள் பலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. மறுபடியும் அந்த 'வெகுளி ஓவியம்', மறுபடியும் பிரெஞ்சுக்காரனின் கைதட்டல். அவர்கள் கோபத்தின் நியாயத்தை மேலே சொல்லிவிட்டேன், அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்மணி விஷயத்தில் அது அநியாயமாகத்தான் முடிந்தது. எண்ணெய் வண்ணக் குழாயைத் தூக்கிப்போட்டு மக்களின் பொருளுக்குப் போக வேண்டும் என்று ஒரு கல்லூரியே வருடக்கணக்கில் பேசி, பத்திரிகை நடத்தி, கண்காட்சி வைத்தது. இவர் அதற்கு முன்பே கதவுக்கு அடிக்கிற டப்பாவைத் திறந்து வரைந்துகொண்டிருந்தார். மெலேஹியின் டூகோவும் ஷைபியாவின் நீலமும் ஹார்டுவேர் கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கிற சாமான்கள். ஒருவர் யோசித்து எடுத்தார், ஒருவர் கைக்கு எட்டியதை எடுத்தார். நான் ஓவிய விமர்சகன் இல்லை, எனக்கு அந்த வித்தியாசம் சுவரில் தெரியவில்லை.

பெயிண்ட் வாசனை பிடித்தவர்களுக்கு ஒரு யோசனை. ரபாத் பார்த்துவிட்டு டாஞ்சியர் திரும்பும்போது அதிவேக ரயிலை விட்டுவிட்டுச் சாதாரண ரயிலில் ஏறி அசிலாவில் இறங்குங்கள். 1978இல் மெலேஹியும் அதே ஊர்க்காரரான முகம்மது பெனைஸாவும் அங்கே ஒரு கலைவிழா தொடங்கினார்கள். ஓவியர்களை வரவழைத்து ஊர்ச் சுவர்களில் வரையச் சொன்னார்கள். இடிந்துகொண்டிருந்த பழைய ஊர் சீரானது; 1989இல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் வந்தது. விழாவுக்கு வருகிறவர்கள் பழைய படத்தின் மேல் வெள்ளை அடித்துவிட்டுப் புதிதாக வரைவார்கள். மெலேஹி 2020இல் கொரோனாவில் பாரிஸில் இறந்துபோனார். விழாவை மற்றவர்கள் நடத்துகிறார்கள்.

படத்தை இப்படி அழிக்கலாமா என்று சக ஊழியருக்கு மனத்தாங்கல். அவருக்குச் சின்ன வயதில் பார்த்த ஒரு சுவர் இன்னும் ஞாபகம் இருக்கிறதாம், அது இப்போது இல்லை. உப்புக்காற்று அடிக்கிற சுண்ணாம்புச் சுவரில் எந்த எமல்ஷனும் நாலைந்து வருடத்துக்கு மேல் நிற்காது, உரிந்து தொங்குவதைப் பார்ப்பதற்குப் புதிதாக அடிப்பது மேல் என்றேன். உனக்கு எல்லாமே பெயிண்ட்தான் என்றார். ஆமாம் என்றேன். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த விழாவுக்கு இருவரும் போவதாக இருக்கிறோம்.